பச்சை மட்டையா, காய்ந்த மட்டையா?

"ஏம்மா, இதுல நம்மளுது எது?"

சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள கேவனா பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு மாமா கேட்ட கேள்வி இது. அவரும் மாமியும் ஒரத்தநாட்டுக்குத் திரும்பிப் போய் நான்கு மாதம் ஆகிறது. அவர்களுக்காக விரித்த மெத்தையைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தாயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை. காலையில் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போது வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றோரம் போனால் வருகிறது. அன்று நான் சொன்ன பதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்த பதில்தான் அது. ஆனால் அதைச் சொன்ன அவசரம்தான் உறுத்துகிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து சொன்னேன்.

நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். பதினேழு வருடமாக வேலை பார்ப்பது இந்த ஆற்றுக்கு ஐந்து நிமிட நடையில். ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது: மெர்லயன், கரையோரப் பூந்தோட்டம், செந்தோசா, தேக்கா, கடைசியில் முஸ்தபா. மாமா இரண்டாவது நாளே சலித்துப்போனார். "எல்லாம் புதுசா இருக்கும்மா. ஊரு எங்க ஆரம்பிச்சுது, அதைக் காட்டு" என்றார். மாமா என் அம்மாவின் தம்பி. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், அதில் பன்னிரண்டு வருடம் செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலை. அவரை அழைத்துப்போய் நானே ஆற்றங்கரையில் நின்றால் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியாது. அது நன்றாகவே தெரிந்ததால், உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை எங்களுக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்தேன். மூன்று மணி நேரம், 320 வெள்ளி. தமிழில் சொல்லக்கூடியவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு நானும் மகளும் மாமாவும் மாமியும் கிளார்க் கீயில் போய் நின்றோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. அம்மா வந்திருந்தால் அன்றைக்கு நடந்தது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஓடாத ஆறு

வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய அம்மா. வெள்ளைச் சட்டை, பெரிய தொப்பி, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய படங்கள். மாமாவைப் பார்த்ததும் "வாங்கய்யா" என்று கும்பிட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு மொத்தமே மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் என்று அவர் தொடங்கியதும், மாமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். காவிரிப் படுகைக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார். "என்னம்மா, ஓடவே இல்லையே?" என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டு மரினா அணைக்கட்டைப் பற்றிச் சொன்னார். 2008-இல் அணையைக் கட்டி ஆற்று முகத்துவாரத்தைக் கடலிலிருந்து பிரித்துவிட்டார்கள், இப்போது இதற்குள் ஏற்றமும் இல்லை வற்றமும் இல்லை, குடிதண்ணீருக்கான நீர்த்தேக்கத்தில் இதுவும் ஒரு பகுதி. "அப்ப இது ஏரி. ஆறுன்னு பேரு மட்டும் இருக்கு" என்றார் மாமா. அவர் குறையாகச் சொல்லவில்லை, விஷயம் புரிந்த திருப்தியோடுதான் சொன்னார்.

ஆற்றைச் சுத்தப்படுத்திய கதை இங்கே படித்த எல்லோருக்கும் மனப்பாடம். 1977-இல் தொடங்கி 1987 வரை பத்து வருட வேலை, 1983-இல் சரக்குப் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பினார்கள், அதோடு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நடந்த படகுத் தொழில் ஆற்றைவிட்டுப் போனது. அக்கா அதைச் சீக்கிரமே முடித்துவிட்டுப் படகோட்டிகளைப் பற்றிப் பேசினார். சீனப் படகோட்டிகள் இந்த ஆற்றை நிறைப்பதற்கு முன்பு, தொடக்கக் காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது ஆற்றோரம் சூலியாக்களுக்கென்று தனி இடமே ஒதுக்கினார். சூலியா தெரு என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அந்தத் தெருவில் இருக்கும் வங்கிக்கு நான் எத்தனை முறை போயிருப்பேன்! பெயர்ப்பலகையை ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை.

போட் கீயில் நடைபாதைக் கற்களைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து ஊழியர்கள், தலையில் மஞ்சள் கவசம். மாமா நின்றுவிட்டார். "தம்பி எந்த ஊரு?" மன்னார்குடிப் பக்கம் என்றான் ஒரு பையன். அவ்வளவுதான். கல்லுக்கு அடியில் என்ன கலவை போடுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை சதுர மீட்டர் முடிகிறது, மழை வந்தால் என்ன செய்வார்கள், சாப்பாடு யார் கொடுப்பது என்று மாமா கேட்டுக்கொண்டே போக, பையனும் வேலையை விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த ரப்பர் சுத்தியலை வாங்கி ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் போய்விட்டது. "மாமா, அக்கா காத்துக்கிட்டிருக்காங்க" என்றேன். அக்கா கொஞ்சமும் அவசரப்படவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. எனக்கு ஊரைக் காட்டவேண்டும். மன்னார்குடிப் பையனை மாமா மன்னார்குடியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ராஜாவும் வியாபாரியும்

ஆற்று முகத்துக்குப் போனோம். இன்றைக்கு ஃபுல்லர்டன் ஹோட்டல் நிற்கும் பக்கம், பழைய முனையில், 1819-இல் ஒரு பெரிய பாறையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாகப் பிளந்த பாறை, ஒரு பக்கம் முழுக்க எழுத்து. கட்டடம் கட்ட இடம் வேண்டும் என்று 1843-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பித்த ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் உள்ளதை இதுவரை யாராலும் முழுசாகப் படிக்க முடியவில்லை. ஆய்வாளர் ஒருவர் 2019-இல் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகளை வாசித்து, அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா இதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் மாமி, "அப்ப நம்ம ராஜராஜன் வந்த இடமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் புல்லரித்தது, மறைக்க விரும்பவில்லை. தஞ்சாவூர்க்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆற்று முனையில் நின்று, சோழன் பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் இருக்காது?

"ஒரு ஊகம்தாங்கய்யா. மத்த அறிஞர்கள் ஜாவா எழுத்துன்னு சொல்றாங்க, வேற மாதிரியும் சொல்றாங்க. ஆதாரம் போதாது. நான் இதை எப்பவும் 'இருக்கலாம்'னுதான் சொல்லுவேன்" என்றார் அக்கா. மாமா தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காசு கொடுத்துக் கூட்டி வந்தவர் கொஞ்சம் கூடச் சொன்னால்தான் என்ன என்று மனசில் ஓடியது. இப்போது யோசித்தால், அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லால்தான் அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் என்னால் நம்ப முடிகிறது.

அங்கிருந்து திரும்பிக் கேவனா பாலத்தில் ஏறினோம். இரும்பை ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் சரக்குப் படகு அடியில் நுழைய முடியாத அளவுக்குத் தாழ்வான பாலம், அதனால் வற்றம் வரும்வரை படகுகள் காத்துக் கிடக்கும். மாடு, குதிரை போகக்கூடாது, குறிப்பிட்ட எடைக்கு மேல் வண்டியும் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்றும் பாலத்து முனையில் இருக்கிறது. மாமியிடம் அதைக் காட்டி மகள் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாமா பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் வங்கிக் கோபுரங்கள், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய மாளிகைகள். "ஏம்மா, இதுல நம்மளுது எது?"

கேள்வி என்னைக் கேட்டதுதான். ஆனால் பதிலை அக்கா தொடங்கிவிட்டார். "நீங்க நிக்கிற பாலமே ஐயா. 1869-இல இதைக் கட்டுறப்ப இந்தியாவிலேர்ந்து கொண்டுவந்த கைதிங்க..." என்று அவர் சொல்லும்போதே நான் புகுந்தேன். "மாமா, அந்தப் பக்கம் வாங்க. நாராயண பிள்ளையைப் பத்திச் சொல்றேன். செட்டியார் சிலை இருக்கு, காட்டுறேன்."

வேண்டும் என்று செய்யவில்லை. வாய் தானாக வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பின்னால் வந்தார். நான் பிள்ளையின் கதையைச் சொன்னேன். பினாங்கிலிருந்து 1819-இல் ராஃபிள்ஸோடு வந்து இறங்கியவர். வீடு கட்டச் செங்கல் இல்லாத ஊரில் சூளை போட்டவர். பிறகு துணிக்கடை வைத்தார், 1822-இல் அது தீப்பிடித்து எரிந்து கடனாளி ஆனார், மறுபடி எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் அவர் எடுப்பித்தது. 2019 ஜனவரியில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அவர் சிலையையும் கொண்டுவந்து தற்காலிகமாக நிறுத்தியபோது நான் மகளை அழைத்துப்போய்ப் படம் எடுத்து வந்தேன். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். சூளை என்றதும் மாமா முகம் மலர்ந்தது. ஆற்றோரத்துச் செட்டியார் வெண்கலச் சிலையையும், மார்க்கெட் ஸ்ட்ரீட்டை நம் ஆட்கள் செட்டித்தெரு என்று சொன்னதையும், அங்கே வட்டித் தொழில் நடந்த கிட்டங்கிகள் இருந்ததையும் சொன்னேன். செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்த்த மாமாவுக்கு அதில் தனிச் சந்தோஷம். "நான் பூசின வீடெல்லாம் இங்கேர்ந்து போன காசுதான்னு சொல்லு" என்றார். நானே வழிகாட்டி ஆகிவிட்ட பெருமை எனக்கு.

தூணில் வைத்த கை

கடைசியாக செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். ஆற்றங்கரையிலிருந்து பத்து நிமிட நடை. வெயில் ஏறிவிட்டது, மாமி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் முதலில் இருந்த தேவாலயத்தில் இரண்டு தடவை இடி விழுந்து, அதை இடித்துவிட்டு 1856-இல் இப்போது இருப்பதற்கு அடிக்கல் போட்டார்கள். 1861-இல் முதல் வழிபாடு. வரைபடம் போட்டவர் ரொனால்ட் மெக்பர்சன் என்ற அதிகாரி, கைதிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. கட்டியவர்கள் அந்தக் கைதிகள். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை.

அக்கா துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மெக்நாயர் என்ற அதிகாரி, இங்கே கைதிகளை மேற்பார்த்தவர், 1899-இல் வெளியிட்ட நூலில் சுவர்ப் பூச்சுக்கு எழுதிவைத்த பக்குவம் அது. அக்கா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா தலை நிமிர்ந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு. நாட்டுச் சர்க்கரை. தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அடித்துக் களிபோல ஆக்குவது. பூசிக் காய்ந்த பிறகு ஸ்படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது, நடுநடுவே மாக்கல் பொடி தூவுவது. ஆங்கிலேயர்கள் இதை மதராஸ் சுண்ணம் என்றார்கள்.

"கடுக்காய் போடலையா?" என்றார் மாமா.

"இதுல இல்லீங்கய்யா."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கடுக்காய்க்குப் பதிலாத்தான் மட்டைத் தண்ணி. ரெண்டுலயும் துவர்ப்பு இருக்கு, அதுதான் பிடிச்சு நிறுத்தும். இங்க கடுக்காய்க்கு எங்க போவான்? தேங்காய் மட்டை காலடியில கெடக்கு. யோசிச்சிருக்கான்" என்றார். அது மாமாவின் ஊகம். அந்த ஊகத்தைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த மரியாதையை நான் ராஜராஜன் பேச்சின்போது கேட்கவில்லை. செட்டிநாட்டில் மாமாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் முட்டைப் பூச்சு பூசியவர்கள்தான். வெள்ளைக்கருவை எடுத்துவிட்டு மஞ்சள் கருவைச் சித்தாள் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை, ஒரு கூடத்துத் தூணுக்கு மட்டும் மாசக்கணக்கில் கல் வைத்துத் தேய்த்ததை, தேய்த்து முடித்த அன்று முகம் தெரிகிறதா என்று வீட்டு ஆச்சி வந்து பார்த்ததை எல்லாம் சொன்னார். உள்ளே போனதும் தூணில் கையை வைத்தார். பல தடவை பழுது பார்த்து வர்ணம் அடித்திருக்கிறார்கள், அடியில் பழையது எவ்வளவு இருக்கிறது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அக்கா. மாமா விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பூச்சு சுவரைவிட்டுக் கழன்றிருந்தால் சத்தம் காலியாகக் கேட்குமாம். கேட்கவில்லை. அங்கிருந்த பணியாளர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"கூலி குடுத்தாங்களா?" இதுதான் மாமாவின் அடுத்த கேள்வி.

அக்கா விவரமாகச் சொன்னார். 1825-இல் சுமத்ராவிலுள்ள பென்கூலனிலிருந்து முதல் தொகுதிக் கைதிகள் இங்கே வந்தார்கள். அவர்களில் மதராஸ்காரர்களும் இருந்தார்கள், வங்காளத்தார்களும் இருந்தார்கள். பிறகு பம்பாயிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் தமிழர்கள் இல்லை, அதைத் தெளிவாகவே சொன்னார். கைதிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு சாலை போடுவான். ஒழுங்காக நடந்தால் வகுப்பு ஏறும், விலங்கு கழலும், சின்னத் தொகை கிடைக்கும், அடுத்த கைதிகளுக்கு அவனே காவலாளி ஆகலாம். இன்னும் மேலே போனால் வெளியில் தங்கிச் சம்பாதிக்க அனுமதிச் சீட்டு. சிறைப் பட்டறைகளில் கல் உடைக்க, செங்கல் அறுக்க, தச்சு, கொல்லு எல்லாம் பழக்கினார்கள். தண்டனை முடிந்தவர்கள் பலர் ஊருக்குப் போகாமல் இங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை 1873-க்குள் அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

"ஊர்ல வெட்டிட்டு வந்தவன், இங்க வந்து பூசக் கத்துக்கிட்டானாக்கும்" என்றார் மாமா, தூணிலிருந்து கையை எடுக்காமலே.

அக்கா இன்னொன்றும் சொன்னார். 1849 வரை ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. அதை மறைக்கத் தலைப்பாகையை இறக்கிக் கட்டிக்கொள்வார்கள். இங்கே தங்கிவிட்டவர்களின் பேரன் பேத்திகள் இந்த ஊரில் இருக்கத்தான் செய்வார்கள், ஆனால் தான் இத்தனை வருடம் சுற்றிக் காட்டியதில் ஒருவர்கூட 'எங்கள் தாத்தா கைதியாக வந்தவர்' என்று சொன்னதில்லை என்றார்.

"சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் மாமா, வெகு இயல்பாக. "இதோ, இவ அப்பா எங்க அத்தான், தஞ்சோங் பகார் ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. தோள்ல காய்ப்பு அப்படி இருக்கும். நாங்க ஊர்ல கிளார்க்குன்னுதான் சொல்லிவெச்சோம். எங்கக்கா இன்னைக்கும் அப்படித்தான் சொல்லும்."

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா கிளார்க் இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

முகம் சுட்டது. மாமா மேல் கோபம் வந்தது, அக்கா முன்னால் சொல்லிவிட்டாரே என்று. அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அவர் மூட்டை தூக்கினார் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் தோளில் தைலம் தேய்த்துவிட்டதே நான்தான். வலது தோளில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே தோல் தடித்துக் கறுத்து, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதற்கு மேல் தைலம் இறங்காது, ஓரங்களில்தான் தேய்க்கவேண்டும் என்பார். பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'துறைமுகம்' என்று மட்டும் எழுதும்படி அம்மா சொல்லிக் கொடுத்தார். பொய் இல்லை. நான் வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை தாத்தாவைப் பற்றிக் கேட்டபோது 'ஹார்பர் அலுவலகத்தில்' என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்த்தது நான்தான். அம்மா சொல்லாத அந்தச் சொல்லை நான் எப்போது சேர்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

"இல்லைடா. மூட்டை தூக்கினார்" என்றேன். அவள் "ஓ" என்றாள். மாமாவிடம் திரும்பி, ஒரு மூட்டை எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை.

பாலத்தில் குறுக்கே பேசியதற்கு நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அன்று தோன்றவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரவு படுத்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. கைதி என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளையின் பெயரைத் தூக்கி முன்னால் வைத்த வாயும், 'ஹார்பர் அலுவலகம்' என்று சொன்ன வாயும் ஒரே வாய். இங்கே நாம் சிறுபான்மை. இந்த ஊரில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று காட்டவேண்டிய கட்டாயம் எப்போதும் இருக்கிறது, அதனால் காட்டுவதற்கு நன்றாக இருப்பதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். பிள்ளையைக் காட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை, அவர் பெரிய மனிதர். ஆனால் மாமா கேட்டது 'நம்மில் பெரியவர் யார்' என்று இல்லை. 'நம்மளுது எது' என்றுதான் கேட்டார். நின்றுகொண்டிருந்த பாலமே பதிலாக இருந்தது. போட் கீயில் கல் பதித்த மன்னார்குடிப் பையனும் அதே பதிலில் வருவான், அவனிடமிருந்துதான் மாமாவைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன். அந்தக் கைதிகளில் தமிழர் எத்தனை பேர் என்பதை மாமா கேட்கவே இல்லை. கொத்து வேலை தெரிந்து வந்தார்களா, வந்து பழகினார்களா என்பதுதான் அவருக்குத் தேவைப்பட்டது. அவருடைய 'நம்ம'வும் என்னுடைய 'நம்ம'வும் ஒன்றில்லை என்று இப்போது தெரிகிறது. என்னுடையது கொஞ்சம் சின்னது.

மறுநாள் அம்மாவிடம் மகள் போய்ச் சொல்லிவிட்டாள். அம்மா மாமாவோடு அரைநாள் பேசவில்லை. சாயங்காலம் கோப்பி கலந்து கொடுக்கும்போது, "அறுபது கிலோ மூட்டைடா அது. ரெண்டு ஷிப்ட் தூக்கினாரு" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கோப்பையை மாமாவிடம்தான் நீட்டினார்.

ஊருக்குப் போன பிறகு

மாமா கிளம்பும்போது அக்காவிடமிருந்த அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப்போனார். அக்கா ஆங்கிலத்தின் கீழே தன் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பின்னால் கோழி கூவுகிறது, யாரோ பாத்திரம் துலக்குகிறார்கள். வீட்டுக் கொல்லைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து, பன்னிரண்டு முட்டை உடைத்து, கடுக்காய் போடாமல் மட்டைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிப் பார்த்திருக்கிறார். முதல் தடவை காய்ந்ததும் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டதாம். இரண்டாவது தடவை நின்றுவிட்டது. கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்கியிருக்கிறார். மாமிக்கு முட்டை போனதில் கோபம்.

"பளபளப்பு வருதும்மா, வராம இல்ல. ஆனா நிறம் கொஞ்சம் செவப்படிக்குது. வெள்ளையா வரணும்ல, கோயில் மாதிரி? எனக்கு ஒரு சந்தேகம். நான் போட்டது காஞ்ச மட்டை. அவங்க பச்சை மட்டையை ஊற வெச்சாங்களா, காஞ்சதையா? எத்தனை நாள் ஊறிச்சு? அந்த அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

பதிவை அக்காவுக்கு அனுப்பினேன். அன்று இரவே பதில் வந்தது. நூலில் அந்த விவரம் இல்லை, ஆனால் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் ஆட்களைத் தனக்குத் தெரியும், விசாரித்துக்கொண்டிருக்கிறேன், ஐயாவை அதுவரை தேய்ப்பதை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.